தலைமன்னாரின் காவற் கண்கள்

மலையகத்தின் வரலாற்றைச் சொல்ல முற்படுகிறவர்கள் வழக்கமாகக் கம்பளையிலிருந்தோ கண்டியிலிருந்தோ தொடங்குவார்கள். கோப்பித் தோட்டம், பிறகு தேயிலைத் தோட்டம், லயம், பிரட்டுக்களம், பெரிய கங்காணி என்று கதை மலையிலேயே நடக்கும். இன்று நாம் மலையை விட்டுக் கடற்கரைக்குப் போவோம். தேயிலையும் மூடுபனியும் இல்லாத, பனைமரமும் வெண்மணலும் உப்புக்காற்றும் நிறைந்த ஒரு தீவின் கரை அது. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் வாழும் மக்களின் தலைவிதி பல தடவை அந்தக் கரையிலேதான் எழுதப்பட்டது. மன்னார்த் தீவின் மேற்கு முனையான தலைமன்னாரைத்தான் சொல்கிறேன்.

மன்னார் ஒரு சிறு தீவு. பரப்பளவு சுமார் 130 சதுர கிலோமீற்றர்தான். பெருநிலத்தோடு பாலத்தால் இணைக்கப்பட்டு, இந்தியாவை நோக்கி நீட்டிய ஒரு விரல்போல் அது கடலிற் கிடக்கிறது. அந்த விரலின் நுனி தலைமன்னார். அதற்கப்பால் இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் அழைக்கப்படும் மணற்றிட்டுகள் தொடர்கின்றன. அவற்றின் மறுமுனையில் தனுஷ்கோடி. இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். காற்று வாய்த்தால் ஒரு பாய்மரத் தோணி ஒரே இரவிற் கடந்துவிடும் தூரம். இவ்வளவு அண்மையில் இரு நாட்டுக் கரைகள் இருந்தால், அங்கே ஒரு காவல் நிலையம் இருந்தே தீரும். யார் ஆட்சிக்கு வந்தாலும் இந்த முனையிற் கண் வைத்திருந்தார்கள். அந்தக் கண் எதைத் தேடியது என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

முதலிற் போர்த்துக்கேயர். 1560 ஆம் ஆண்டில் அவர்கள் மன்னாரிற் கோட்டை கட்டினார்கள். 1658 இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றித் திருத்திக் கட்டினார்கள். 1795 இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. தீவும் பெருநிலமும் சந்திக்கும் இடத்தில் இன்றும் நிற்கும் அந்தக் கோட்டையின் கொத்தளங்கள் இரண்டு விடயங்களைக் காவல் காத்தன. ஒன்று, பாக்கு நீரிணைக்கும் மன்னார்க் குடாவுக்கும் இடையிலான கப்பற்பாதை. மற்றது முத்து. சிலாபத்துறைக்கும் அரிப்புக்கும் எதிரே கடலடியிற் கிடந்த முத்துச் சிப்பிப் பார்கள் ஆட்சியாளரின் பெரும் பொக்கிஷம். திருட்டுத்தனமாகச் சிப்பி குளிப்போரைப் பிடிப்பதற்கென்றே காவல் வள்ளங்கள் வைத்திருந்தார்கள். ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யவென்று அரிப்புக் கரையிலே ஒரு மாளிகையே கட்டுவித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்த மாளிகையின் இடிபாடுகளைக் கடல் இன்றும் அரித்துக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு கண்ணும் கருத்துமாய் முத்துக்குக் காவல் இருந்த அதே கரையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆயிரமாயிரமாய் மனிதர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குக் காவலாக நின்றவர் எவருமில்லை.

1823 ஆம் ஆண்டிற் கம்பளைக்கு அண்மையிலே கோப்பித் தோட்டம் தொடங்கியபோது தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வருகையும் தொடங்கியது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது பெருக்கெடுத்தது. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் எனப் பல பகுதிகளிலிருந்தும் பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி வந்தவர்கள் தோணியேறித் தலைமன்னார்ப் பக்கம் இறங்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை கால்நடைப் பயணம். ஏறத்தாழ 150 மைல். இதுவே வடபாதை எனப்பட்டது. காடு, தண்ணீரில்லாத வெளி, மலேரியா, வாந்திபேதி, காட்டு மிருகம் இவ்வளவையும் தாண்டி மாத்தளை போய்ச் சேர்ந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். சேராதவர்கள் வழியோரத்திலேயே புதைக்கப்பட்டார்கள். சிலருக்கு அதுவும் வாய்க்கவில்லை. கடலில் மாண்டோரும் உண்டு. 1864 இல் ஆதிலட்சுமி என்ற கப்பல் 120 தொழிலாளருடன் மூழ்கியதாக மலையக வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. எத்தனை சிப்பி எடுக்கப்பட்டது, எவ்வளவுக்கு ஏலம் போயிற்று என்று கணக்கெழுதிய கரையிலே, வழியில் மாண்டவர்களின் பெயரை எழுதி வைக்க ஒரு பேரேடு இருக்கவில்லை.

அரசின் கண் நம்மவர்மீது திரும்பியது நோயின் பெயரால். வாந்திபேதியும் அம்மையும், பின்னர் பிளேக் நோயும் தோட்டங்களுக்கு வருகிறவர்களோடு கூட வருகின்றன என்ற அச்சம் துரைமாருக்கும் கொழும்பு அதிகாரிகளுக்கும் ஏற்பட்டது. தொழிலாளரைத் தடுத்து வைத்துப் பரிசோதிக்கும் முகாம்கள் தோன்றின. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் ஒன்று, கொழும்புக்கு அருகே றாகமையில் ஒன்று. இறுதியில் அக்கரையிலே மண்டபம் முகாமே பெயர் பெற்றது.

1914 ஆம் ஆண்டு இந்த நீரிணையின் வரலாற்றில் ஒரு திருப்பம். பாம்பன் பாலம் திறக்கப்பட்டு ரயில் தனுஷ்கோடிக்கு வந்தது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார்த் துறைக்கும் ரயில் வந்தது. இடையே நீராவிக் கப்பல்கள் ஓடின. சென்னை எழும்பூரில் ஏறியவர் கொழும்புக் கோட்டையில் இறங்கும் 'போட் மெயில்' பயணம் பிறந்தது. தோட்டங்களுக்கு வருகிறவர்கள் பொல்காவலையில் மலைநாட்டு ரயிலுக்கு மாறி நாவலப்பிட்டி, ஹற்றன், நானுஓயா என்று இறங்கினார்கள்.

ஆனால் பயணம் எளிதானதுபோலவே கண்காணிப்பும் இறுகியது. இந்திய மண்ணிலிருந்த மண்டபம் முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம். தொழிலாளர் குடும்பங்கள் அங்கே பல நாட்கள் தடுத்து வைக்கப்பட்டன. அம்மைப்பால் குத்தினார்கள், துணிகளை ஆவியில் அவித்தார்கள், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். நோயில்லை என்று கண்ட பின்பே கப்பலேற விட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே தகர டிக்கட் முறையும் நடைமுறையில் இருந்தது. தோட்டத்தின் பதிவு இலக்கம் பொறித்த ஒரு சிறு தகரத் துண்டை ஒவ்வொருவரும் அணிந்து வந்தார்கள். அந்தத் தகரம் இருந்தால் வழியிற் செலவுக்குக் காசு வேண்டாம். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பெயர் கேட்க வேண்டியதில்லை, இலக்கத்தைப் பார்த்தாற் போதும்.

இதில் ஒரு நியாயமும் உண்டு என்பதை நாம் மறுக்கலாகாது. வழியிலே வாந்திபேதியால் செத்து விழுந்த காலத்தோடு ஒப்பிட்டால், தடுப்பூசியும் மருந்தும் பல உயிர்களைக் காத்தன. உலகெங்கும் அக்காலத்தில் இதுவே வழக்கம். நியூயோர்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு 1892 முதல் 1954 வரை குடியேற வந்தவர்களைப் பரிசோதித்தது. சிங்கப்பூருக்கு சென்ற் ஜோன்ஸ் தீவு. பிஜிக்கு நுக்குலாவு என்ற சிறு தீவு. மொறிசியஸ் நாட்டிலே போர்ட் லூயிஸ் கரையில் ஆப்பிரவாசி காட் என்ற படிக்கட்டு. எல்லா இடத்திலும் வைத்தியர், கணக்கர், காவலாளி என்ற மூவர் நின்றார்கள்.

ஆயினும் தலைமன்னாருக்கும் அவற்றுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. எல்லிஸ் தீவில் இறங்கியவரும் பிஜிக்குப் போனவரும் அநேகமாக ஒரே தடவைதான் கடல் கடந்தார்கள். நம்மவர்களோ போவதும் வருவதுமாக இருந்தார்கள். அக்கரையிலே தாய் தகப்பன் இருந்தார்கள், குலதெய்வம் இருந்தது. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் காதுகுத்துக்கும் ஊருக்குப் போய் வந்தார்கள். ஊர் என்றால் அக்கரை, தோட்டம் என்றால் வீடு என்று இரண்டும் சேர்ந்ததே அவர்கள் வாழ்க்கை. முப்பது கிலோமீற்றர் கடல் அவர்களுக்கு ஓர் எல்லையாகத் தெரியவில்லை. அது எல்லையாக மாறியபோதுதான் துன்பம் தொடங்கியது.

1939 ஆகஸ்ட் மாதத்தில், இலங்கையில் இந்தியர்கள் நடத்தப்பட்ட விதத்தை ஆட்சேபித்து, உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. அடுத்த மாதமே உலகப் போர் மூண்டது. போர்க்காலத்திற் கரையோரக் காவல் என்றால் என்னவென்பதை இலங்கை கண்டது. 1942 ஏப்ரல் 4 ஆம் திகதி, தெற்கே கொக்கலைக் களப்பிலிருந்து எழுந்த கட்டலினா நீர் விமானமொன்றின் கனேடிய விமானி லியோனார்ட் பேர்ச்சல், இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு வானலை மூலம் செய்தி அனுப்பினார். அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் சிறைப்பட்டார். மறுநாள் கொழும்பின்மீது குண்டு விழுந்தபோது நகரம் விழிப்புடன் இருந்தது. காவல் பார்ப்பதற்கு உரிய பகைவர் யார் என்பது அன்று தெளிவாக இருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் அந்தத் தெளிவு குழம்பிப் போயிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரைப் பிரசைகள் அல்லாதவர்களாக்கியது. அதே ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம், குடிவரவு குடியகல்வு பற்றியது. கடவுச்சீட்டும் விசாவும் இன்றி நாட்டுக்குள் வரலாகாது என்றது. அடுத்த ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இதன்படி பிரசாவுரிமை கேட்பவர் 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னர், மணமானவராயின் ஏழு ஆண்டும் மணமாகாதவராயின் பத்து ஆண்டும் தொடர்ச்சியாக இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். ஒரே தடவையிற் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே தங்கினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும்.

நேயர்களே, இந்த ஒரு நிபந்தனையை ஒரு தோட்டத் தொழிலாளியின் கண்ணால் பாருங்கள். தகப்பன் சாகக் கிடக்கிறான் என்று ஊருக்குப் போனவன், வயற்காட்டு வேலையும் கடனும் பிடித்து வைத்ததால் பதினான்கு மாதம் கழித்துத் திரும்பினான் என்று வைத்துக்கொள்வோம். இருபது வருடம் இந்த மண்ணில் கொழுந்து சுமந்தவன் அவன். தலைமன்னாரில் மறுபடி இறங்கியபோது தான் எதை இழந்தான் என்பது அவனுக்குத் தெரியாது. அந்தச் சட்டம் அப்போது பிறக்கவேயில்லை. பின்னாளிற் பிறந்த சட்டம் அவனுடைய பழைய பயணத்தைத் தோண்டியெடுத்துக் கணக்குக் கேட்டது. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரசாவுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 134,000 பேருக்கு.

1947 ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் மலைநாட்டிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தொழிலாளர் பெரும்பாலோரின் பெயர் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. அதே 1952 இல், இந்த அநீதியை எதிர்த்துக் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடந்தது. அதே 1952 இல்தான் வடமேற்குக் கரையோரத்திலே இராணுவம் காவலுக்கு இறக்கப்பட்டது.

'மொன்டி நடவடிக்கை' என்பது அதன் பெயர். இந்தியாவிலிருந்து தோணிகளிற் களவாக வருவோரைத் தடுக்கும் பொலிஸாருக்கும், 1950 இல் உருவான கடற்படைக்கும் துணையாக இராணுவம் நின்றது. 1963 இல் இது விரிவாக்கப்பட்டு, சட்டவிரோதக் குடிவரவுத் தடுப்புச் செயலணி என்ற பெயர் பெற்றது. கரையோரத்திலே காவல் அரண்கள், இரவு ரோந்து, கடலிலே சுற்றும் கண்காணிப்புப் படகுகள் என்று அது வளர்ந்தது. 1981 இற் கலைக்கப்படும் வரை, பெயர் மாறினாலும் தொழில் மாறாமல், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தக் காவல் நீடித்தது.

களவாக எவரும் வரவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வந்தார்கள். வறுமை துரத்தியவர்கள் வந்தார்கள். சேலையும் பீடி இலையும் கடத்தியவர்கள் வந்தார்கள். ஆட்களைக் கூலிக்கு ஏற்றி நடுமணற்றிட்டில் இறக்கி ஏமாற்றிய தோணிக்காரர்களும் இருந்தார்கள். எந்த நாட்டுக்கும் தன் கரையைக் காவல் காக்கும் உரிமை உண்டு. கேள்வி அதுவன்று. கரையில் நின்ற சந்தேகம் கரையோடு நிற்கவில்லை என்பதே நம் கேள்வி. அது ரயிலேறி மலைக்கு வந்தது. 'கள்ளத்தோணி' என்ற சொல், கடலை வாழ்நாளிற் கண்டிராத, லயத்துக் காம்பராவிலே பிறந்து லயத்துக் காம்பராவிலே வளர்ந்த பிள்ளைகள்மீது எறியப்பட்டது. பஸ்ஸிலும் ரயிலிலும் சந்தையிலும் தமிழ் பேசும் ஓர் ஏழைத் தொழிலாளியைக் கண்டால் 'காகிதம் எங்கே' என்று கேட்பது வழக்கமாயிற்று. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர் எத்தனை பேர்! இருந்த துண்டுக் கடதாசியையும் கறையான் தின்றவர் எத்தனை பேர்! ஒரு தோணியிலும் ஏறாமலே ஒருவன் கள்ளத்தோணியாவது உலகில் எந்த மொழியிலும் நடவாத விந்தை.

காவல் நிலையத்தின் கண் இவ்வாறு வருவோரைத் தேடிக்கொண்டிருந்த காலத்திலேயே, அதே துறை போவோரின் துறையாக மாறியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றவர்களாகக் கணிக்கப்பட்ட 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. மீதி 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் நேரடியாகக் கேட்கவில்லை.

அந்த ஒப்பந்தத்தில் மை காய்ந்து இரண்டு மாதம் ஆகுமுன், 1964 டிசம்பர் 22 ஆம் திகதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு ரயில் வண்டியைக் கடல் கொண்டது. பின்னர் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. ஹற்றன், நானுஓயா, பதுளை ரயில் நிலையங்களிலே கட்டிப்பிடித்து அழுது விடைபெற்ற குடும்பங்கள் அந்தக் கப்பலிலேதான் ஏறின. அண்ணன் இந்தியப் பிரசை, தம்பி இலங்கைப் பிரசை என்று ஒரே லயம் இரண்டானது. பாட்டனுக்கு அம்மைப்பால் குத்திய மண்டபம் முகாமிலே பேரன் போய் அகதிபோல் இறங்கினான். மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் இப்படிப் போனார்கள். நீலகிரியிலே, அவர்களுக்கென்றே தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிற் பலர் மறுபடி கொழுந்து பறித்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரர்'.

எண்பதுகளில் உள்நாட்டுப் போர் மூண்டதும் கப்பல் நின்றது. 1990 இல் மதவாச்சி - தலைமன்னார் ரயிலும் நின்றது. இப்போது அதே நீரிணையில் தோணிகள் எதிர்த்திசையில் ஓடின. உயிர் தப்ப வடக்கிலிருந்து போனவர்களுக்கு மண்டபம் முகாம் மறுபடியும் திறந்தது. 1977 இலும் அதன் பின்னரும் நடந்த வன்செயல்களால் மலைநாட்டை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய தோட்ட மக்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒரே வம்சம், ஒரே கடல், ஒரே முகாம்; மூன்று தலைமுறையில் மூன்று பயணம்.

சட்டம் மெல்ல மெல்லத் தன்னைத் திருத்திக்கொண்டது. 1988 இல் ஒரு சட்டமும் 2003 இல் 35 ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரசாவுரிமை உறுதியாயிற்று. பறித்ததைத் திருப்பிக் கொடுக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 2015 மார்ச்சில் ரயில் மறுபடி தலைமன்னார்த் துறை வரை வந்தது. ஆனால் அந்தத் துறைக்கு மலையக வரலாற்றில் என்ன இடம் என்பதை நாம் இன்னும் முழுமையாக உணரவில்லை.

மற்ற நாடுகள் தங்கள் கரைகளை என்ன செய்தன என்று பாருங்கள். எல்லிஸ் தீவு 1990 இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. தாத்தாவின் பெயரைத் தேடிப் பேரப்பிள்ளைகள் அங்கே போகிறார்கள். மொறிசியஸின் ஆப்பிரவாசி காட் 2006 இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. அடக்கி ஆளக் கட்டிய இடங்கள் பெருமையோடு நினைவுகூரும் இடங்களாயின.

நமக்கும் ஒரு தொடக்கம் கிடைத்திருக்கிறது. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவதை ஒட்டி, 2023 ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி ஒரு நடைபவனி புறப்பட்டது. முன்னோர் நடந்த அதே வடபாதை. பதினாறு நாட்கள் நடந்து ஆகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். வழியெங்கும் தமிழ், சிங்கள, முஸ்லிம் மக்கள் அவர்களோடு கலந்துகொண்டார்கள். முன்னோர் வந்தபோது பேரேடு எழுதாத கரையிலிருந்து, இந்தத் தடவை பெயரும் முகமும் உள்ள பிரசைகளாக அவர்கள் புறப்பட்டார்கள்.

ஆனால் நடைபவனி முடிந்ததும் கரை மறுபடி வெறுமையாகிவிடக் கூடாது. நமது தோட்டப் பாடசாலைகள் ஆண்டுதோறும் சுற்றுலாப் போகின்றன. அநுராதபுரமும் சிகிரியாவும் பார்க்க வேண்டியவைதாம். அநுராதபுரம் வரை போகிற பஸ், இன்னும் சில மணி நேரம் ஓடினாற் தலைமன்னார். மாணவர்களை அங்கே இறக்கி, பழைய இறங்குதுறையைக் காட்டி, இந்தக் கதையை ஓர் ஆசிரியர் சொன்னாற் போதும். அதற்கு முன்னர் வீட்டிலே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தகர டிக்கட்டோ, பழைய கடவுச்சீட்டோ, துறையில் முத்திரை குத்திய ஒரு துண்டுக் கடதாசியோ உங்கள் றங்குப்பெட்டியின் அடியிற் கிடக்கலாம். அதைக் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். யார் வந்தார், எப்போது வந்தார், எந்த ஊர் என்று வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தலைமன்னாரில் நம்மவரைப் பார்த்து எழுதிய கணக்குகள் எல்லாம் பிறர் எழுதியவை. நாம் எழுத வேண்டிய கணக்கு இன்னும் பாக்கியிருக்கிறது.